தோட்டப்புற நகரிலிருந்து பாக்டீரியா ஆய்வுக்கு: கணினிசார் அமைப்பு உயிரியலுக்கு வர விரும்புவோருக்கான வழிகாட்டி

ஒரு பாக்டீரியாவின் உடலுக்குள் நடக்கும் ஆயிரக்கணக்கான வேதிவினைகளைச் சமன்பாடுகளாக எழுதிக் கணினியில் ஓட்டிப் பார்த்து, அது எந்த உணவில் எவ்வளவு வேகமாக வளரும், எந்த மரபணுவை நீக்கினால் பிழைக்காது என்று முன்கூட்டியே கணிக்கும் துறைதான் கணினிசார் அமைப்பு உயிரியல். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட்டில் வளர்ந்து, இத்துறையில் முனைவர் பட்டம் முடித்து, இப்போது ஆய்வாளராகப் பணியாற்றுகிறேன். படிப்பைவிட என்னை அதிகம் அலைக்கழித்தது, எந்தத் தாளை எங்கே, எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்பதற்கு ஊரில் ஒருவரும் இல்லாமல் போனதுதான். நம் தோட்டப்புறக் குடும்பங்களில் அறிவியல் நன்றாக வரும் பிள்ளையை மருத்துவத்துக்கு அனுப்ப வழி சொல்ல நூறு பேர் இருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கு அனுப்ப வழி சொல்பவர் அரிது. ஐந்தாம் படிவ மாணவர், ஆறாம் படிவ மாணவர், உயிரியலோ கணினியோ படித்துக்கொண்டிருக்கும் பல்கலைக்கழக மாணவர், இவர்களின் பெற்றோர் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

1. முதலில் கணிதத்தை உறுதிப்படுத்துங்கள்

இத்துறையின் பெயரில் உயிரியல் இருந்தாலும், உள்ளே நுழைபவரைத் தடுத்து நிறுத்துவது கணிதம்தான். ஐந்தாம் படிவ இறுதியில் எழுதும் எஸ்பிஎம் தேர்வில் உயிரியல், வேதியியல், இயற்பியல் ஆகியவற்றோடு கூடுதல் கணிதமும் எடுங்கள். "உயிரியல்தானே படிக்கப் போகிறான், கூடுதல் கணிதம் எதற்கு?" என்று பள்ளியில் யாராவது சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். நான்காம் படிவத்தில் கைவிட்ட கணிதத்தைப் பின்னாளில் மீட்பது மிகக் கடினம். தமிழ்மொழியும் தமிழ் இலக்கியமும் எடுப்பதால் அறிவியல் துறைக்குள் நுழைய எந்தத் தடையும் ஏற்படாது. ஆனால் மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்பிஎம் சான்றிதழே கிடைக்காது என்பதால், அந்த இரண்டையும் ஒதுக்கி வைத்துவிட்டு அறிவியலை மட்டும் படிக்காதீர்கள்.

2. ஆறாம் படிவமா, மெட்ரிகுலேஷனா?

பல்கலைக்கழக நுழைவுக்கான அரசின் ஆயத்தப் படிப்பான மெட்ரிகுலேஷன் ஓராண்டில் முடியும். ஆறாம் படிவத்தில் எழுதும் எஸ்டிபிஎம் மூன்று பருவங்களாக ஒன்றரை ஆண்டு நடக்கும். இன வேறுபாடின்றி, எஸ்பிஎம்மில் பத்து ஏ பெற்ற மாணவர் அனைவருக்கும் மெட்ரிகுலேஷன் இடம் வழங்கப்படும் என்று அரசாங்கம் 2024இல் அறிவித்தது. அதன் நிபந்தனைகள் நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டில் எப்படி இருக்கின்றன என்று மறுபடியும் பாருங்கள். இடம் கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். எஸ்டிபிஎம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களும் நன்கறிந்த சான்றிதழ். அரசுப் பள்ளியில் மிகக் குறைந்த செலவில் படிக்கலாம். கணிதம் டி, வேதியியல், உயிரியல், பொதுப்பாடம் ஆகிய நான்கையும் எடுங்கள். சிறு நகரப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை குறைந்தால் ஒரு பாடத்துக்கு வகுப்பே நடக்காமல் போவதுண்டு. ஆகவே சேர்வதற்கு முன் நேரில் சென்று, எந்தெந்தப் பாடங்களுக்கு ஆசிரியர் இருக்கிறார் என்று கேட்டுவிடுங்கள்.

அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான தகுதி மதிப்பெண்ணில் 90 விழுக்காடு கல்விக்கும் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கும் போகிறது. அந்தப் பத்து விழுக்காட்டுக்கான சான்றிதழ்களைப் பள்ளி முடியும்போதே கேட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். பல்கலைக்கழக நுழைவுக்குக் கேட்கப்படும் ஆங்கிலத் தேர்வான மூவெட்டின் முடிவு ஐந்தாண்டுகளுக்குச் செல்லும்.

3. இளங்கலைப் பட்டமும் அதன் செலவும்

மலாயாப் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியல் பட்டம் உண்டு. மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உயிர்த்தகவலியலைச் சிறப்புப் பிரிவாகக் கொண்ட கணினி அறிவியல் பட்டம் உண்டு. இவை கிடைக்காமல் நுண்ணுயிரியலோ, வேதிப் பொறியியலோ, கணிதமோ கிடைத்தாலும் கதவு மூடிவிடாது. நுண்ணுயிரியல் படிப்பவர் விருப்பப் பாடமாக நேரியல் இயற்கணிதம், புள்ளியியல், பைத்தான் நிரலாக்கம் ஆகியவற்றை எடுக்க வேண்டும். கணிதம் படிப்பவர் உயிர்வேதியியலை எடுக்க வேண்டும். என் கருத்தில் இரண்டாவது வழியே எளிது. உயிரணுவின் வேதிவினைத் தொடர்களான வளர்சிதைமாற்றப் பாதைகளை ஒருவர் தாமாகப் படித்துக்கொள்ளலாம். நேரியல் இயற்கணிதத்தைத் தனியே படித்துத் தேறுபவர் குறைவு.

அரசுப் பல்கலைக்கழகத்தின் கல்விக் கட்டணம் அரசு மானியத்தால் குறைவாகவே இருக்கும். விடுதி, உணவு, பயணம் ஆகியவற்றில்தான் பணம் கரையும். அரசின் உயர்கல்விக் கடன் நிதியான பிடிபிடிஎன்னில் கடனுக்கு விண்ணப்பிக்க முதலில் அதன் எஸ்எஸ்பிஎன் சேமிப்புக் கணக்கு திறக்க வேண்டும். 20 ரிங்கிட்டில் திறக்கலாம். முதல் வகுப்பில் தேறுவோருக்குக் கடன் விலக்கு கோரும் வழி இருக்கிறது. ஆனால் அதற்கு நிபந்தனைகளும் காலக்கெடுவும் உண்டு. முடிவு வந்த மாதமே விண்ணப்பியுங்கள். மேற்படிப்புக்கு வெளிநாடு போவதாக இருந்தால், தவணையை ஒத்திவைக்கும்படி எழுத்துமூலம் கேட்டு, அவர்கள் தரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

பெற்றோரின் வருமானச் சான்று பலருக்குச் சிக்கலாகும். தோட்டத்தில் வேலை செய்வோர் சம்பளச் சீட்டுகளை மாதந்தோறும் எடுத்து வைப்பது நல்லது. குத்தகைக்காரரிடம் நாள்கூலிக்குப் போகும் பெற்றோரிடம் சீட்டு இருக்காது; அவர்கள் வருமான உறுதிமொழியை பெங்குலு (வட்டாரத் தலைவர்) அல்லது வேறு தகுதியுள்ள அதிகாரியிடம் கையொப்பம் வாங்கி இணைக்க வேண்டும். கடைசி நாளில் பெங்குலுவைத் தேடினால் அவர் கூட்டத்தில் இருப்பார்.

4. முதல் மாதிரியை இப்போதே ஓட்டிப் பாருங்கள்

இதற்குப் பல்கலைக்கழக அனுமதி வேண்டாம், ஆய்வகம் வேண்டாம், பணமும் ஏறக்குறைய வேண்டாம். கூகுள் கோலாப் இலவசம். அது இணைய உலாவியிலேயே பைத்தானை ஓட்டும் என்பதால் பழைய மடிக்கணினியே போதும். இத்தகைய கணக்குகளை ஓட்டும் கோப்ராபை என்ற பைத்தான் தொகுப்பை அதில் நிறுவுங்கள், அதுவும் இலவசம். இதன் மூத்த வடிவமான கோப்ரா டூல்பாக்ஸ் மேட்லாப் மென்பொருளில் ஓடுகிறது. மேட்லாப்புக்கு உரிமம் வாங்க வேண்டும். பல்கலைக்கழகத்தில் உரிமம் இருந்தால் ஒழிய மாணவர் அந்தப் பக்கம் போக வேண்டிய அவசியமில்லை.

ஈ.கோலை பாக்டீரியாவின் வேதிவினைகளைச் சமன்பாடுகளாகத் தொகுத்த சிறு மாதிரி ஒன்று அந்தத் தொகுப்போடு வருகிறது. அதில் 95 வினைகள், 72 வளர்சிதைப் பொருள்கள், 137 மரபணுக்கள். மாதிரியை ஏற்றி, வளர்ச்சி வினையை உச்சமாக்கும்படி கேட்டால், ஒரு கிராம் உலர் எடைக்கு மணிக்கு 10 மில்லிமோல் குளுக்கோஸ் கிடைக்கும் நிலையில் வளர்ச்சி விகிதம் மணிக்கு 0.874 என்று விடை வரும். அதாவது பாக்டீரியாக் கூட்டம் ஏறக்குறைய 48 நிமிடத்தில் இரட்டிப்பாகும். அடுத்து, ஆக்சிஜன் உள்ளே வருவதைக் குறிக்கும் பரிமாற்ற வினையின் கீழ் எல்லையைச் சுழியமாக்கி மறுபடியும் ஓட்டுங்கள். விகிதம் 0.212 ஆகச் சரியும். இரட்டிப்பாக மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். வெளியேறும் பொருள்களின் பட்டியலைப் பார்த்தால் முன்பு இல்லாத அசிடேட்டும் எத்தனாலும் ஃபார்மேட்டும் அதில் வந்திருக்கும். மூச்சுவிட ஆக்சிஜன் இல்லாத பாக்டீரியா நொதித்தலுக்கு மாறிவிட்டதை, அதை அப்படிச் செய்யும்படி யாரும் எழுதி வைக்காமலே, சமன்பாடுகள் தாமாகக் கண்டுபிடித்துச் சொல்கின்றன. இந்த ஒரு காட்சி உங்களை ஈர்க்கவில்லை என்றால் இத்துறை உங்களுக்கு ஏற்றதன்று. அதை இப்போதே தெரிந்துகொள்வதும் நன்மையே.

புதியவர் விழும் குழிகள் மூன்று. பரிமாற்ற வினைகளில் உட்கொள்ளுதல் எதிர்க்குறியோடு எழுதப்படும். அதனால் உணவை நிறுத்த நினைப்பவர் மேல் எல்லையை மாற்றிவிட்டு, ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று திகைப்பார். கார்பன் மூலம் அனைத்தையும் மூடிய பிறகும் மாதிரி வளர்ந்தால், அது கண்டுபிடிப்பன்று, மாதிரியில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்பதன் அடையாளம். மூன்றாவது மிக முக்கியமானது: மாதிரி சொல்வது அடையக்கூடிய உச்ச வளர்ச்சியை, சோதனைக் குழாயில் இருக்கும் பாக்டீரியா அந்த உச்சத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இதில் கை பழகியதும் ஐஎம்எல்1515 என்ற முழு மாதிரிக்குச் செல்லுங்கள். 2017இல் வெளிவந்த அதில் 1,515 மரபணுக்களும் 2,719 வினைகளும் உள்ளன. சான் டியாகோவில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பிக் தரவுத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கி எது இன்றியமையாதது என்று கணித்து, அதை ஜப்பானியர் 2006இல் வெளியிட்ட கெய்யோ தொகுப்போடு ஒப்பிடுங்கள். அவர்கள் 3,985 மரபணுக்களை உண்மையிலேயே தனித்தனியாக நீக்கிப் பார்த்து, நீக்க முடியாத 303 மரபணுக்களை இன்றியமையாதவையாக இருக்கலாம் என்று பட்டியலிட்டார்கள். உங்கள் கணிப்பும் அவர்கள் சோதனையும் எங்கே முரண்படுகின்றன, ஏன் முரண்படுகின்றன என்று இரண்டு பக்கம் எழுதி, நிரல்களைப் பொதுவில் வைக்கும் கிட்ஹப் தளத்தில் நிரலோடு வைத்தால், ஆய்வு மேற்பார்வையாளரிடம் காட்டுவதற்கு அதைவிட வலுவான சான்று இளங்கலை மாணவருக்குக் கிடையாது.

நம் ஊரைச் சார்ந்த கேள்விகளும் காத்திருக்கின்றன. மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்ந்து மெலியோய்டோசிஸ் நோயைத் தரும் புர்கோல்டேரியா சூடோமாலை மலேசியாவில் நிலைத்திருக்கும் கிருமி. மழையில் வெறுங்காலோடு மண்ணில் இறங்கி வேலை செய்வோரே அதற்கு எளிதில் ஆளாகிறார்கள். அதன் மரபணுத்தொகுதி இரண்டு குரோமோசோம்களில் ஏறத்தாழ 72 லட்சம் எழுத்துகள், ஈ.கோலைக்கு 46 லட்சம்தான். உயிருள்ள கிருமியைக் கையாள உயர் பாதுகாப்பு ஆய்வகம் தேவை. வரிசையைக் கணினியில் ஆராய எந்த ஆய்வகமும் தேவையில்லை. பால்மரத்துக் கட்டிப்பாலின் ரப்பரையே அறுத்துத் தின்னும் கோர்டோனியா, ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனங்கள், செம்பனை ஆலைக்குப் பின்னால் கொப்பளிக்கும் கழிவுநீர்க் குளங்களின் நுண்ணுயிர்க் கூட்டம் ஆகியவையும் நல்ல பொருள்கள். நேர்முகத்தில் "ஏன் இந்தத் தலைப்பு?" என்று கேட்கும்போது, இவற்றை அருகிலிருந்து பார்த்து வளர்ந்தவரின் பதில் தனித்துத் தெரியும்.

5. மேற்பார்வையாளரைத் தேடுதல்

பாங்கியில் உள்ள மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் இன்பயோசிஸ் என்ற அமைப்பு உயிரியல் கழகம் இருக்கிறது. உள்நாட்டில் தொடங்குவோர் அங்கிருந்து தேடலாம். சிங்கப்பூரில் நுண்ணுயிர்ப் படலங்களை ஆராயும் ஸ்கெல்ஸ், ஜெர்மனியின் மார்பர்க்கில் மாக்ஸ் பிளாங்க் நில நுண்ணுயிரியல் கழகம், டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உயிர்நிலைத்தன்மை மையம், சூரிக்கின் ஈடிஎச் பல்கலைக்கழகம் ஆகியவை வெளியே பார்க்கத்தக்கவை.

மேற்பார்வையாளருக்கு எழுதும் மின்னஞ்சல் ஐந்து பத்திகளைத் தாண்டக் கூடாது. அவருடைய எந்தக் கட்டுரையை எதுவரை புரிந்துகொண்டீர்கள், அதில் எந்தக் கணக்கை நீங்களே ஓட்டிப் பார்த்தீர்கள், என்ன கேட்கிறீர்கள் என்று எழுதி, கிட்ஹப் இணைப்பையும் மதிப்பெண் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்புவது வீண். கணிப்பைச் சோதித்துப் பார்க்கும் ஆய்வகக் கூட்டாளி அவருக்கு இருக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். சோதிக்க ஆளில்லாத கணிப்பு ஆய்வேட்டில் தொடங்கி ஆய்வேட்டிலேயே முடங்கிவிடும்.

6. முனைவர் பட்டத்துக்குச் சொந்தப் பணம் கட்டாதீர்கள்

இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. அறிவியலில் முனைவர் பட்டம் என்பது வேலை. அதற்கு உதவித்தொகையோ சம்பளமோ தராத இடத்துக்கு, வீட்டை அடகு வைத்துப் போகக் கூடாது. இடம் வாங்கித் தருவதாகப் பணம் கேட்கும் முகவர்களையும், கட்டணம் கட்டினால் ஒரே வாரத்தில் கட்டுரை வெளியிடுவதாகச் சொல்லும் இதழ்களையும் முற்றாகத் தவிர்த்துவிடுங்கள். கட்டுரையை, இதழில் வெளிவரும் முன்பே, முன்பதிப்பாகப் பயோஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகவே வைக்கலாம்.

மலேசியாவில் எஃப்ஆர்ஜிஎஸ் போன்ற ஆய்வு மானியத்திலிருந்து பட்டதாரி ஆய்வு உதவியாளருக்கு மாதத் தொகை தருவார்கள். மானியம் இன்னும் எத்தனை மாதம் மிச்சமிருக்கிறது என்பதை எழுத்தில் கேளுங்கள். பாதியில் தீர்ந்துவிட்டால் பாரம் மாணவர் மேல் விழும்.

சிங்கப்பூரின் சிங்கா உபகாரச் சம்பளம் நான்காண்டுகளுக்கானது. ஜனவரி சேர்க்கைக்கு முந்தைய ஜூன் 1, ஆகஸ்டு சேர்க்கைக்கு முந்தைய டிசம்பர் 1 என்று காலக்கெடு. வீட்டுக்குப் பேருந்திலேயே வந்துவிடலாம் என்பது பெற்றோரைச் சம்மதிக்க வைக்கும் காரணமாகவும் இருக்கும்.

ஜப்பானின் மெக்ஸ்ட் உபகாரச் சம்பளத்துக்கு கோலாலம்பூரிலுள்ள தூதரகம் வழியாக, பொதுவாக ஆண்டின் இரண்டாம் காலாண்டில் விண்ணப்பிக்க வேண்டும். 35 வயதுக்குட்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பக் கட்டணம் இல்லை. எழுத்துத் தேர்வும் நேர்முகமும் முடிந்த பிறகு, ஜப்பானியப் பேராசிரியர் ஒருவரின் ஏற்புக் கடிதத்தைக் குறுகிய காலத்தில் பெற வேண்டியிருக்கும். ஆகவே பேராசிரியருடன் தொடர்பை முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள்.

ஜெர்மனி, டென்மார்க் போன்ற நாடுகளில் முனைவர் மாணவருக்கு வேலை ஒப்பந்தமும் சம்பளமும் உண்டு. ஆனால் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். அமெரிக்காவுக்கு இளங்கலையோடு நேராகப் போகலாம், ஐந்து முதல் ஆறாண்டு ஆகும். அங்கே காலக்கெடு டிசம்பர் முதல் பாதியில் குவிந்திருக்கும், இடம் கிடைத்தவர் ஏப்ரல் 15க்குள் பதில் சொல்ல வேண்டும். விண்ணப்பக் கட்டணம் பல இடங்களில் 75 டாலரோ அதற்கு மேலோ என்பதால், எட்டு இடம் என்றால் 600 டாலர் அளவுக்குப் போய்விடும். குடும்ப வருமானத்தைக் குறிப்பிட்டுக் கட்டண விலக்கு கேட்டு ஒவ்வொரு துறைக்கும் எழுதுங்கள், கேட்பவருக்குத்தான் கிடைக்கிறது. இடம் கிடைத்த பின் மாணவர் பதிவுக்கு 350 டாலரும் விசாவுக்கு 185 டாலரும் முதலில் உங்கள் கையிலிருந்து போகும். விசாவுக்குக் கூடுதல் கட்டணம் சேர்ந்திருக்கிறதா என்று தூதரகத்தின் அறிவிப்பிலும் பாருங்கள்.

ஆகஸ்டில் புறப்பட நினைப்பவர் அதற்கு முந்தைய ஆண்டின் மார்ச்சிலேயே வேலையைத் தொடங்க வேண்டும். மார்ச் முதல் ஜூன் வரை மேற்பார்வையாளர் தேடல், ஜூலையில் ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, செப்டம்பரில் ஆய்வு முன்மொழிவு, அக்டோபர் தொடக்கத்தில் பரிந்துரைக் கடிதம் கேட்பது என்று திட்டமிடுங்கள். பரிந்துரைப்பவர் மூவருக்கும் குறைந்தது ஆறு வாரம் கொடுங்கள். ஐஇஎல்டிஎஸ் முடிவு இரண்டாண்டுதான் செல்லும் என்பதால் அவசரப்பட்டு எழுத வேண்டாம். இளங்கலை ஆங்கிலத்தில் நடந்தது என்று பல்கலைக்கழகப் பதிவகம் கடிதம் கொடுத்தால் சில இடங்களில் தேர்வே தேவைப்படாது.

7. ஆவணங்கள்

பெயரிலிருந்து தொடங்குங்கள், ஏனென்றால் நம்மவரின் சிக்கல்களில் பாதி அங்கேதான். மைகார்டு அடையாள அட்டையிலும் கடப்பிதழிலும் நம் பெயரோடு ஏ/எல் (இன்னாரின் மகன்) அல்லது ஏ/பி (இன்னாரின் மகள்) என்று இருக்கும். வெளிநாட்டு இணையப் படிவங்கள் அந்தச் சாய்கோட்டை ஏற்காது, குடும்பப் பெயர் கட்டாயம் என்றும் கேட்கும். தந்தை பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் இடுவதா, முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில் இடுவதா என்று அந்தந்தப் பல்கலைக்கழகத்திடம் கேட்டு, பதில் மின்னஞ்சலை அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மொழித்தேர்வு, சேர்க்கைக் கடிதம், விமானச் சீட்டு ஆகிய மூன்றும் கடப்பிதழோடு ஒத்துப்போக வேண்டும். கட்டுரைகளில் எந்த வடிவத்தில் பெயர் வர வேண்டும் என்று முதல் கட்டுரைக்கு முன்பே முடிவு செய்து, ஆய்வாளர்களுக்கான ஆர்கிட் தளத்தில் இலவசமாகப் பதிந்து 16 இலக்க அடையாள எண்ணைப் பெறுங்கள்.

பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயரின் எழுத்து ஒருவிதமாகவும் எஸ்பிஎம் சான்றிதழில் வேறுவிதமாகவும் இருப்பது தோட்டங்களில் பதிவான பழைய பத்திரங்களில் வழக்கம். எழுத்துப் பிழையைத் திருத்தத் தேசியப் பதிவிலாகாவில் மாதங்கள் ஆகலாம் என்பதால், இதை ஆறாம் படிவத்திலேயே சரிபாருங்கள்.

உறுதிசெய்யப்பட்ட நகல் என்று கேட்டால், அசலையும் நகலையும் சேர்த்து எடுத்துக்கொண்டு பள்ளி முதல்வரிடமோ, ஏ பிரிவு அரசு அதிகாரியிடமோ, சத்தியப் பிரமாண ஆணையரிடமோ போங்கள். ஒவ்வொன்றிலும் ஐந்து நகல் எடுத்து ஒரே நாளில் கையொப்பம் வாங்கிவிடுங்கள். மலாய்ச் சான்றிதழ்களுக்கு அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் மலேசிய மொழிபெயர்ப்பு, நூல் கழகத்தில் செய்யலாம்; பக்கக் கணக்கில் கட்டணம் என்பதால், பல்கலைக்கழகமே ஆங்கில மதிப்பெண் பட்டியல் தருமா என்று முதலில் கேளுங்கள். பட்டச் சுருள் பட்டமளிப்பு விழாவில்தான் கையில் கிடைக்கும், அது படிப்பு முடிந்து பல மாதம் கழித்து நடக்கும். அதுவரை செனட்டின் உறுதிக் கடிதத்தைப் பதிவகத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடப்பிதழுக்கு 200 ரிங்கிட், ஐந்தாண்டு செல்லும். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவில் உள்ள யூடிசி அரசுச் சேவை மையம் வரை போனால் பெரும்பாலும் ஒரே பயணத்தில் முடிந்துவிடும். அசல் ஆவணத்தை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். நான் கொடுத்த முழுக் கோப்பு ஓர் அலுவலகத்தில் காணாமல் போய், அனைத்தையும் மறுபடியும் திரட்ட வேண்டியதாயிற்று; வீட்டில் மின்நகல் இருந்ததால்தான் அந்த ஆண்டின் காலக்கெடு தவறவில்லை. ஒப்படைக்கும்போது முத்திரையிட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள்.

8. பட்டத்துக்குப் பிறகு

முனைவர் பட்டம் முடிந்த கையோடு நிரந்தர வேலை கிடைப்பது அரிது. இரண்டு முதல் நான்காண்டு வரை, சில வேளை அதற்கும் மேலாக, ஒப்பந்த ஆய்வாளராக இருக்க வேண்டியிருக்கும். இதைப் பெற்றோரிடம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நேர்மை. உள்நாட்டில் பல்கலைக்கழக விரிவுரையாளர் பணி, பாங்கியில் உள்ள மலேசிய மரபணுத்தொகுதி, தடுப்பூசிக் கழகம், சுகாதார அமைச்சின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், நொதித்தல் தொழில் நிறுவனங்கள் ஆகியவை வாய்ப்புகள். விரிவுரையாளர் பணியை ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் தளத்திலேயே விளம்பரம் செய்கிறது, விளம்பரம் சில வாரங்களே இருக்கும். ஆகவே கற்பித்தல் அறிக்கை, ஆய்வுத் திட்டம், கட்டுரைப் பட்டியல் மூன்றையும் மலாயிலும் ஆங்கிலத்திலும் எப்போதும் ஆயத்தமாக வைத்திருங்கள். வெளிநாட்டுப் பட்டம் என்றால் மலேசியத் தகுதி முகமையின் அங்கீகாரம் கேட்கப்படலாம். அதற்கு வேண்டிய பாடத்திட்ட விவரத்தையும் அசல் மதிப்பெண் பட்டியலையும் அந்நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே பல்கலைக்கழக முத்திரையோடு வாங்கி வாருங்கள். ஊர் திரும்பிய பிறகு அஞ்சல்வழிப் பெறுவதற்குக் கட்டணமும் அதிகம், காத்திருப்பும் நீளம்.